கிறிஸ்து பிறப்புக் கீதங்கள் வந்த வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மார்கழிப் பனியில் நம் குடியிருப்பில் இருவகைப் பாட்டொலியைக் கேட்கின்றோம். விடியலில் திருப்பாவை, இரவில், நட்சத்திர விளக்கேந்தி வீடுவீடாக வரும் பஜனைக் குழுவினரின் கிறிஸ்து பிறப்புக் கீதம். பின்னதன் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

ஆங்கிலேயர் இப்பாட்டைக் 'கேரல்' என்பர். பழைய பிரெஞ்சு மொழியில் அச்சொல், கைகோத்து வட்டமிட்டுப் பாடியாடும் ஆட்டத்தைக் குறித்தது; நம் கும்மியை ஒத்தது எனலாம். ஆலய வழிபாடு இலத்தீனில் நடந்த காலத்தில், எளிய மக்கள் தம் வீட்டு மொழியில் பாடி மகிழ்ந்தனர். 1223-ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் பிரான்சிஸ் அடிகள் மாட்டுக்கொட்டிலின் காட்சி அமைத்து இவ்விழாவைக் கொண்டாடினார். அவர் வழிவந்த துறவியர் மக்கள்மொழிப் பாடல்களைப் பரப்பினர். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தூய்மைவாதிகளின் ஆட்சி விழாவையே தடை செய்தது. ஆயினும் பாட்டு மக்கள் நாவில் பிழைத்துக்கொண்டது.

உலகெங்கும் பாடப்பெறும் 'சைலன்ட் நைட்' பிறந்த கதை கேட்கத்தக்கது. 1816-இல் ஜோசப் மோர் என்ற ஏழைப் பாதிரியார் ஜெர்மன் மொழியில் அக்கவிதையை எழுதினார். இரண்டாண்டு கழித்து, 1818 டிசம்பர் 24 அன்று, பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபர் அதற்கு மெட்டமைத்தார். அன்றிரவே ஆஸ்திரிய நாட்டு ஓபெர்ன்டார்ப் ஊரில், கிதார் வாத்தியத்துடன் இருவரும் பாடினர். ஊரூராகச் சென்ற பாடகர் குடும்பங்கள் அதைப் பரப்பின. பாட்டு புகழ்பெற்றது; ஆசிரியர் பெயர் மறைந்தது. பெரிய இசைமேதைகளின் படைப்பென்றே பலர் எண்ணினர். 1995-இல் மோரின் கைப்பிரதி வெளிப்பட்டபின் ஐயம் முற்றும் நீங்கியது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் அவர்தம் தோழரும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி, அந்நாட்டு மெட்டிலேயே பாடச் செய்தனர். அவ்வழி வளர்ந்தவையே 'பாமாலைகள்'. தமிழ்ச் சொல் மேனாட்டு மெட்டிற்குள் ஒடுங்கி நிற்க வேண்டியிருந்தது. இக்குறையைத் தீர்த்தவர்களுள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். சரபோஜி மன்னரின் நண்பர். நம் இராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகள் இயற்றினார். குறவஞ்சி நாடக வடிவில் 'பெத்தலகேம் குறவஞ்சி' பாடினார். பெத்லகேமின் செய்தியை நம் குறத்தி வாயால் கேட்டபோதுதான் அது தமிழர்க்குச் சொந்தமாயிற்று. இன்று பாமாலையும் கீர்த்தனையும் ஒரே ஆலயத்தில் ஒலிக்கின்றன. ஆயினும் தெருவில் ஆர்மோனியமும் டோலக்கும் சேரும்போது பெரும்பாலும் முந்துவது கீர்த்தனையே.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது யாது? வீட்டு மொழியில் வாழும் பாட்டே நிலைக்கின்றது. நமது சத்தியவேடு, செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்துடன் இணைந்த பகுதி. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. நம்மில் சிலர் இம்மண்ணிலேயே பிறந்தோர். பலர் தொழில் நிமித்தம் வந்தோர். தெலுங்கு அன்பர் நம் வாசலில் பாடுகின்றனர். நாமும் அவர் வாசலில் பாடுகின்றோம். இவ்வுறவு பெருமைக்குரியது.

எனினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகின்றது. சென்ற ஆண்டுப் பவனியில் நம் பிள்ளைகள் தமிழ்க் கீர்த்தனையை இனிமையாகப் பாடினர். அவர்தம் கைத்தாளைப் பார்த்தோம். பாட்டுத் தெலுங்கு எழுத்தில் இருந்தது. தெலுங்கு கற்பது நன்றே. பள்ளியில் பிள்ளைகள் அதைக் கற்கட்டும். ஆனால் செவி அறிந்த தமிழைக் கண் அறியாமற்போனால், அடுத்த தலைமுறையின் செவியும் அதை இழந்துவிடும். குற்றம் பிள்ளைகளுடையதன்று; எழுதிக் கொடுக்காத நம்முடையது.

ஆகவே, அன்பர்காள்! எம்மதத்தினராயினும், ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோர் ஒரு தமிழ்ப் பாடலைத் தமிழ் எழுத்தில் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்வோம். அது கீர்த்தனையாகவோ திருப்பாவையாகவோ தாலாட்டாகவோ இருக்கலாம். அடுத்த மார்கழியில் அத்தாள்களோடு அவர்கள் தெருவில் வரட்டும். வாசலில் விளக்கேற்றி வரவேற்போம்.

வாழ்க தமிழ்!