“அம்மா, நீங்க வெளியே நில்லுங்க!”

(தலைப்பு: பிரசவ வேளையில் பெண்ணுக்குப் பெருந்துணை மருத்துவமா? மனித ஆறுதலா? ‘மனித ஆறுதலே’ என்ற அணியில் பேசியது.)

 

எனக்கு முன்னால பேசின எதிரணி நண்பர் ஸ்கேன்னு சொன்னார், ரத்த வங்கின்னு சொன்னார், ஆபரேஷன் தியேட்டர்னு சொன்னார். எல்லாம் சரி. நான் ஒண்ணு கேட்கிறேன். ஐயா, நீங்க பிரசவ அறைக்குள்ளே எத்தனை தடவை போயிருக்கீங்க? (சிரிப்பு) ஒரே ஒரு தடவை. அதுவும் நீங்க பிறந்தப்ப! (பலத்த சிரிப்பு) நான் ரெண்டு தடவை படுத்திருக்கேன், ஒரு தடவை பக்கத்துல நின்னிருக்கேன். அந்த அனுபவத்துல பேசுறேன்.

முதல்லயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அணி டாக்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரத்தப்போக்கு அதிகமானால், ரத்த அழுத்தம் ஏறினால், குழந்தை குறுக்கே திரும்பிக்கொண்டால் டாக்டர்தான் கடவுள். அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனா நடுவர் அவர்களே, முதல் பிரசவத்துக்கு வலி பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்கூட நீடிக்கும். அதுல டாக்டர் பக்கத்துல இருக்கிறது எவ்வளவு நேரம்? வருவாங்க, பார்ப்பாங்க, “இன்னும் நேரம் இருக்கு” அப்படிம்பாங்க, போயிருவாங்க. மிச்ச நேரம் முழுக்க அந்தப் பொண்ணுக்குத் துணை யாரு? சுவத்துல மாட்டியிருக்கிற கடிகாரம்தான்!

நான் திருச்சிக்காரி. 1988-ஆம் வருஷம் எனக்கு முதல் பிரசவம். எந்த ஆஸ்பத்திரின்னு கேட்காதீங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ளே கூட்டிக்கிட்டுப் போனாங்க. எங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. வாசல்ல ஒரு குரல்: “அம்மா, நீங்க வெளியே நில்லுங்க!” அவ்வளவுதான். கதவு சாத்தியாச்சு. உள்ளே நாலு கட்டில்ல நாலு பேர். நான் வலி தாங்காம “அம்மா”ன்னு கத்துறேன். உள்ளேயிருந்து ஒரு திட்டு வந்தது. அது என்ன திட்டுன்னு இந்தச் சபையில நான் சொல்ல மாட்டேன். இங்கே இருக்கிற தாய்மார்கள் பாதிப் பேருக்குச் சொல்லாமலே தெரியும்! (கைதட்டல்)

அந்த நர்ஸம்மாவை நான் குறை சொல்லலை. ராத்திரி ஒரு ஆள், நாலு பிரசவம். அவங்களுக்கும் இடுப்பு வலிதான்! ஆனா அன்னிக்கு எனக்கு வலியைவிடப் பெரிசா இருந்தது பயம். செத்துப் போயிருவேன்னே நினைச்சேன். விடியக்காலையில தரை துடைக்க வந்த ஒரு ஆயாம்மா, துடைப்பத்தை ஓரமா வச்சிட்டு, என் முதுகுத் தண்டுல ரெண்டு கையாலயும் அழுத்தித் தேய்ச்சு விட்டு, “பயப்படாத தாயீ, எனக்கு அஞ்சு. நான் நல்லாத்தானே இருக்கேன்?” அப்படின்னாங்க. நடுவர் அவர்களே, அந்த ஒரு வாக்கியத்துலதான் எனக்கு மூச்சே வந்தது. குழந்தைக்கு எந்த டாக்டர் கையெழுத்துப் போட்டார்னு எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கை மட்டும் ஞாபகம் இருக்கு.

“இதெல்லாம் உணர்ச்சி வசனம், விஞ்ஞானம் எங்கே?” என்று எதிரணி கேட்கும். இதோ விஞ்ஞானம். இங்கிலாந்தில் கிராண்ட்லி டிக்-ரீட் என்று ஒரு மகப்பேறு மருத்துவர். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும் என்று 1930-களிலேயே எழுதினார். பயப்படும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்ஸிடோசினின் வேலை அப்போது தடைப்படுகிறது, பிரசவம் தாமதமாகிறது. நம்ம வீட்டுப் பூனையைப் பாருங்க. யாரும் இல்லாத பரண்ல போய்த்தானே குட்டி போடுது? பயமில்லாத இடம் வேணும்னு பூனைக்குத் தெரிஞ்சிருக்கு!

கிளாஸ், கென்னல் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்களின் குழு குவாத்தமாலா நாட்டில் ஒரு ஆய்வு செய்து 1980-ல் வெளியிட்டது. முதல் பிரசவத்துக்கு வந்த பெண்கள். சிலருக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். சொந்தமில்லை, முன்பின் அறிமுகமில்லை, டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. முதுகைத் தேய்ப்பது, கையைப் பிடிப்பது, பேசுவது, இதுதான் அவள் வேலை. துணை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 19.3 மணி நேரம். துணை இருந்தவர்களுக்கு 8.7 மணி நேரம்! சின்ன ஆய்வு என்று ஒதுக்கப் பார்ப்பீர்கள். அதே கென்னல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர மருத்துவமனையில் பெரிய அளவில் செய்து 1991-ல் வெளியிட்டார். துணை இல்லாதவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு சிசேரியன். துணை இருந்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குத்தான்.

இதுல இன்னொரு அதிசயம் கேளுங்க. வேற சில பெண்களோட அறையில, ஒரு ஓரமா ஒரு ஆள் சும்மா உட்கார்ந்து குறிப்பு மட்டும் எழுதிக்கிட்டிருந்தாங்க. பேசலை, தொடலை. அந்தப் பெண்கள்ல சிசேரியன் நூற்றுக்கு 13. சும்மா ஒரு ஆள் இருக்காங்கன்னாலே அஞ்சு பேருக்குக் கத்தி வேண்டாம்னு ஆயிருச்சு! நம்ம தமிழ்நாட்டுல 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி நூற்றுக்கு 45 குழந்தைகள் கத்தி மூலமாத்தான் வருது. இதுக்குக் காரணம் பல இருக்கலாம். பயமும் அதுல ஒண்ணு. ஏன்னா “ஆபரேஷனே பண்ணிருங்க டாக்டர்”னு கையெடுத்துக் கும்பிடுற பொண்ணுங்களையும் நான் பார்த்திருக்கேன்.

அந்தப் பயத்தை விதைக்கிறது யாரு? நாமதான்! வளைகாப்புக்குப் போவோம். கை நிறைய வளையல் போடுவோம், ஏழு வகைச் சாதம் சாப்பிடுவோம். கை கழுவுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருவோம்: “எங்க சின்ன நாத்தனார் மூணு நாள் வலியில கிடந்தாடி... ஐயோ, அந்த ரத்தம்!” ஏழாம் மாசத்துப் புள்ளைகிட்ட பேசுற பேச்சா இது? அந்தப் பொண்ணு சாதத்தை மென்னுக்கிட்டே முழிக்கும். (சிரிப்பு)

எங்க ஊர் மலைக்கோட்டைக்கு வாங்க. ரத்னாவதின்னு ஒரு பெண் நிறைமாசமா இருக்கா. பூம்புகாரிலிருந்து அம்மா மருந்தும் எண்ணெயும் எடுத்துக்கிட்டு வர்றா. காவேரியில வெள்ளம், கடக்க முடியலை. இந்தப் பக்கம் பொண்ணுக்கு வலி கண்டுருச்சு. அழுகிறா. சிவபெருமான் என்ன பண்ணினார்? வைத்தீஸ்வரன்கோயில்ல வைத்தியநாதனாகவே இருக்கிறவர் அவர். திருச்சிக்கும் வைத்தியராவே வந்திருக்கலாம். காவேரியை நிறுத்தியிருக்கலாம். வலி இல்லாமப் பண்ணியிருக்கலாம். ஒண்ணும் பண்ணலை. அந்த அம்மாவாவே உருவம் எடுத்து, பக்கத்துல வந்து உட்கார்ந்தார்! அதனால தாயுமானவர். வைத்தியநாதனே வைத்தியத்தை விட்டுட்டு எங்கள் அணிக்கு வந்துட்டார், நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)

நம் அரசாங்கமும் வந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணைத் திட்டம் வந்தது. 2016-ல் மத்திய அரசும் வழிகாட்டுதல் கொடுத்தது. பிரசவம் கண்ட உறவுக்காரப் பெண்ணாக இருந்தால் நல்லது, தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், கடைசி வரை கூடவே இருக்க வேண்டும், மருத்துவ வேலையில் தலையிடக் கூடாது. ஆனா இப்படி ஒரு வசதி இருக்குன்னு எத்தனை வீட்டுக்குத் தெரியும்? கேட்டாத்தானே கிடைக்கும்?

2018-ல என் மகளுக்குத் தலைப்பிரசவம். அரசு மருத்துவமனை. பழைய ஞாபகத்துல நான் வாசல்லயே நின்னுட்டேன். நர்ஸம்மா திரும்பிப் பார்த்து, “ஏம்மா அங்கேயே நிக்கிறீங்க? உள்ளே வாங்க. உங்க பொண்ணு உங்களைத்தானே தேடுது?” அப்படின்னாங்க. எனக்குக் கால் நடுங்குது. பயம் அவளுக்கா எனக்கான்னே தெரியலை. உள்ளே போனேன். “அம்மா, நான் செத்துருவேனாம்மா?”ன்னு கேட்டா. முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் யார்கிட்டயும் கேட்க முடியாத கேள்வி.

எனக்கு என்ன மருத்துவம் தெரியும்? வாயில கொஞ்சம் தண்ணி விட்டேன். எழுப்பி நாலு தடவை நடக்க வச்சேன். வலி வர்றப்போ “மூச்சை மெதுவா விடு கண்ணு”ன்னு சேர்ந்து நானும் விட்டேன். அப்புறம் ரெண்டு கையையும் அவ முதுகுத் தண்டுல வச்சு அழுத்திக்கிட்டே சொன்னேன்: “பயப்படாத தாயீ, எனக்கு ரெண்டு. நான் நல்லாத்தானே இருக்கேன்?”

காலையில ஆறே காலுக்குப் பேத்தி பிறந்தா. டாக்டரும் வந்தாங்க, நர்ஸும் இருந்தாங்க, அவங்க வேலையை அருமையாச் செஞ்சாங்க. என் மணிக்கட்டுல அவ நகம் பதிஞ்ச தடம் நாலு நாள் இருந்தது. அதை இந்த அணியின் சாட்சியாகச் சமர்ப்பித்து அமர்கிறேன்.