சாப்பாட்டு மேஜையின் நடுவில் என்ன வைக்கலாம்?

(கோட்டுகாலில் நடந்த குடும்ப சங்கமத்தில் மகளிருக்காகப் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம், விசேஷ நாட்களில் சாப்பாட்டு மேஜையை அலங்கரிப்பது. “வேதம், சங்கீதம், ஜோதிஷம் என்று எத்தனையோ இருக்க, பூ வைப்பதற்கு ஒரு சொற்பொழிவா?” என்று நேற்றே ஒரு மாமா கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இன்று பேசுகிறேன்.

நம் பந்தியில் நடு என்று ஒன்று கிடையாது. தரையில் பந்திப்பாய் விரித்து, வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தோம். எதிரே இருப்பது பரிமாறுகிறவர் நடக்கும் வழி. பச்சடி, கிச்சடி, ஓலன், காளன், எரிசேரி என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து விழும்போது இலையே அலங்காரமாகிவிடும். பிறகு நீள மேஜை வந்தது. அப்போதும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் உட்கார்ந்தோம். வட்ட மேஜை வந்த பிறகுதான் எட்டுப் பேர், பத்துப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடும் வழக்கம் வந்தது. இப்போது ரிசப்ஷன், சஷ்டியப்த பூர்த்திக்கு மறுநாள் விருந்து, குழந்தையின் முதல் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் வட்ட மேஜைதான். நடுவில் ஒரு காலி இடம் இருக்கிறது. அதை நாம் யோசிப்பதற்குள் அலங்காரக்காரர் நிரப்பிவிடுகிறார்.

அங்கே எது வைத்தாலும் மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எதிரே இருப்பவர் முகத்தை அது மறைக்கக் கூடாது. தட்டில் உதிர்ந்து விழுந்தால் ஆபத்து வரக் கூடாது. மறுநாள் மண்டபத்துப் பின்புறம் மக்காத குப்பையாகக் கிடக்கக் கூடாது.

முதலில் உயரம். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் உறவில் ஒரு சதாபிஷேகம் நடந்தது. ஒவ்வொரு மேஜையிலும் இரண்டரை அடிக் கண்ணாடி ஜாடி, அதன் தலையில் துணிப்பூ. பார்க்க ஜோர்தான். ஆனால் எங்கள் மேஜையில் என் அத்தைகள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மும்பையிலிருந்து வந்தவர். மற்றவருக்குக் காது மந்தம், உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்வார். ஒன்பது வருஷம் கழித்துச் சந்தித்த இருவரும் ரசம் சாதம் வரைக்கும் ஜாடிக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தார்களே தவிர ஒரு வார்த்தை சரியாகப் பேசவில்லை. கடைசியில் வீட்டுப் பையன் ஒருவன் ஜாடியைத் தூக்கித் தரையில் வைத்தான். பேச்சு அப்போதுதான் ஆரம்பித்தது. பாயசம் ஆறிப்போனதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

நம் விசேஷங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். சாப்பாட்டுக்காக மட்டும் வருவதில்லை, பார்க்கவும் பேசவும் வருகிறார்கள். ஆகவே ஒரு சுலபமான அளவு சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேஜையில் ஊன்றி, கையை நேராக நிமிர்த்தி, விரல்களை மூடிக்கொள்ளுங்கள். அந்த முஷ்டிக்கு மேல் எதுவும் போகக் கூடாது. ஏறக்குறைய ஓரடி இருக்கும். அகலமும் ஓரடி போதும். நமக்குத் தண்ணீர், ஊறுகாய், அப்பளம் வைக்க இடம் வேண்டாமா?

இரண்டாவது நிபந்தனைதான் முக்கியமானது. நாகர்கோவிலுக்கு அப்பால் தோவாளையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்குப் பூ போவது நம் எல்லோருக்கும் தெரியும். தோவாளையில் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிவப்பு அரளியும் வெள்ளை அரளியும் நொச்சி இலையும் வைத்து, கல் பதித்தாற்போல் கட்டுவார்கள். சுவாமிக்குச் சாத்தினால் கண்ணெடுக்க முடியாது. ஆனால் அதே அரளி சாப்பாட்டு மேஜைக்கு ஆகாது.

அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். அந்த விஷம் இருதயத் துடிப்பைத் தாக்கும். காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது. 2024-ல் ஆலப்புழை ஜில்லாவில் ஏற்பட்ட ஒரு மரணத்துக்கு அரளியே காரணம் என்று சந்தேகம் எழுந்தது. அந்த மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தன. கோவில் பிரசாதத்துக்கே வேண்டாம் என்றால், இரண்டு வயதுக் குழந்தை கையெட்டும் தூரத்தில் வைக்கலாமா? கடையில் உதிரிப்பூ வாங்கும்போது அரளி கலந்திருக்கும், பார்த்துப் பிரித்துவிடுங்கள். பொன்னரளி, செங்காந்தள், ஊமத்தை, எருக்கு இவையும் வேண்டாம். கிள்ளினால் பால் வடிகிற எதையும் மேஜைக்குக் கொண்டுவராதீர்கள்.

வைக்கக்கூடியவை எத்தனையோ உண்டு. ரோஜா, செவந்தி, செம்பருத்தி, சங்குபுஷ்பம், தாமரை, தெச்சி, மாவிலை, வெற்றிலை, கறிவேப்பிலை, எலுமிச்சை. துளசியை எச்சில் படும் இடத்தில் வைக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதைப் பூஜையறைக்கே விட்டுவிடுவோம். சம்பங்கி, மல்லிகை குவியலாக இருந்தால் சாம்பார் வாசனையே தெரியாது, இழுப்பு உள்ளவர்களுக்கும் கஷ்டம். கடைப் பூவில் பூச்சிமருந்து இருக்கலாம். ஆகவே அலசிவிட்டு, பாத்திரத்துக்குள்ளேயே நிற்கும்படி வையுங்கள். நெருப்பும் வேண்டாம். பட்டுப்புடவைத் தலைப்பும் மின்விசிறியும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தி எதற்கு?

மூன்றாவது, குப்பை. பூக்காரர்கள் பூவைக் குத்தி வைக்கும் பச்சை நிறப் பஞ்சுக்கட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஓயாசிஸ் என்பார்கள். அமெரிக்காவில் ஓஹையோவில் 1954-ல் வந்தது. பார்க்கப் பாசி மாதிரி இருந்தாலும் அது பிளாஸ்டிக்தான். உதிர்ந்து தூளாகி மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிடும். லண்டனில் செல்சி மலர்க் கண்காட்சியை நடத்தும் ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி 2021 முதல் அதைத் தன் கண்காட்சிகளில் அனுமதிப்பதில்லை. நம் நாட்டிலும் அலங்காரத்துக்கான தெர்மோகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை இருக்கிறது. கேரளத்தில் ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது.

இந்த மூன்று நிபந்தனைக்கும் ஒத்துவரும் நாலு விதங்களைச் சொல்கிறேன். எதற்கும் வகுப்பு வேண்டாம்.

ஒன்று, உருளி. 10 அங்குல ஓட்டு உருளி போதும். புளி போட்டுத் தேய்த்து, இரண்டு அங்குலம் தண்ணீர் விடுங்கள். செவந்தி அல்லது ரோஜாவின் காம்பை அரை அங்குலமாக நறுக்கி மிதக்க விடுங்கள். ஓர் உருளிக்கு ஒரு டஜன் பூ தாராளம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் தெரியட்டும், முழுக்க நிரப்பினால் அழகு போய்விடும். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் செய்தால் போதும். செம்பருத்தி வைத்தால் பகல் விருந்துக்கு மட்டும், சாயங்காலம் கூம்பிவிடும்.

இரண்டு, வாழைப்பிண்டி. இது நம் ஊர்க்காரர்களுக்கு இலவசம். குலை வெட்டின பிறகு நிற்கும் அடிமரத்தில் ஐந்து அங்குலத் துண்டு ஒன்று நறுக்கி நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குச்சியால் துளை போட்டு, தெச்சிக் கொத்தும் மாவிலையும் சங்குபுஷ்பக் கொடியும் செருகுங்கள். தண்டிலேயே தண்ணீர் இருப்பதால் ஒரு நாள் முழுக்க வாடாது. பச்சைக் கட்டி செய்யும் வேலையை இது செய்துவிடும், மறுநாள் தென்னை மூட்டில் போட்டால் உரமாகிவிடும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது. ஆகவே அடியில் ஒரு தட்டோ ஏட்டு இலையோ கட்டாயம் வேண்டும்.

மூன்று, நாழி நெல். நிறபறையில் தென்னம்பூக்குலை வைப்பது இங்கே எல்லா மங்கள காரியத்திலும் உண்டு. முழுக் குலை வாசலுக்குச் சரி, மேஜைக்கு உயரம். அதிலிருந்து ஆறு அங்குலக் கதிர் நாலைந்து ஒடித்து, நாழியில் நெல் நிரப்பிச் செருகி வையுங்கள். சுற்றிலும் நாலு வெற்றிலை, இரண்டு எலுமிச்சம்பழம். நாழி இல்லாவிட்டால் தேய்த்துச் சுத்தம் செய்த சிரட்டையைப் பிரிமணை மேல் உட்கார வைக்கலாம். அடியில் பலராமபுரம் கைத்தறியில் கசவுக்கரை போட்ட ஒரு நீளத் துண்டை விரித்துவிட்டால் கல்யாணக்களை வந்துவிடும். பலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய சாலியர் கைகளால் வளர்ந்த நெசவு அது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நெய்வதை விட்டுவிட்டு நைலான் வலை வாங்குவானேன்?

நான்காவது, வெளியூர் அங்கத்தினர்களுக்கு. “எங்கள் ஃபிளாட்டில் வாழையும் இல்லை, உருளியும் இல்லை” என்பீர்கள். டபரா டம்ளர் இருக்கிறதல்லவா? மும்பையில் தாதர், சென்னையில் கோயம்பேடு, பெங்களூரில் கே.ஆர். மார்க்கெட், எங்கிருந்தாவது ஒரே நிறத்தில் ஒரு கட்டுப் பூ வாங்குங்கள். அமெரிக்காவில் இருக்கும் குழந்தைகள் சூப்பர் மார்க்கெட் பூங்கொத்தைப் பிரித்துக்கொள்ளலாம். காம்பை நாலு அங்குலமாக நறுக்கி, ஐந்து டம்ளரில் மூன்று மூன்று பூவாக வைத்து, நீள மேஜையின் நடுவில் வரிசையாக நிறுத்துங்கள். பித்தளையானால் விசேஷம், எவர்சில்வரும் குறைவில்லை. தண்ணீருக்கு மேல் இலை இருக்கட்டும், மூழ்கினால் அழுகி வாடை வரும்.

பத்து மேஜை இருந்தால் பத்தும் ஒரே மாதிரி இருக்கட்டும். வேலையும் சுலபம், பார்க்கவும் ஒழுங்கு. முந்தின நாள் சாயங்காலம் பாத்திரங்களைத் தேய்த்து எண்ணி வைத்துவிடுங்கள். காலையில் இரண்டு மாமிகளும் நாலு குழந்தைகளும் சேர்ந்தால் ஒரு மணி நேர வேலை. குழந்தைகளை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து காம்பு நறுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களுக்குப் பத்துப் பூவின் பெயராவது தெரிந்துவிடும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. பருப்புத் தேங்காய்க் கூட்டை வார்த்து நிறுத்தியவர்கள் நாம். சீர்த் தட்டும் ஆரத்தித் தட்டும் ஜோடித்தவர்கள் நாம். அந்தக் கை இன்னும் வீட்டில் இருக்கிறது. மண்டபத்துக்குப் போனதும் அதைக் கட்டிப்போட்டுவிட்டு, அந்நியர் வைத்த துணிப்பூவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

விசேஷம் முடிந்ததும் மேஜைக்கு ஒருவரை, வயதில் மூத்தவரைப் பார்த்து, தாம்பூலத்தோடு அந்தப் பூவையும் கொடுத்து அனுப்புங்கள். உருளியை நாம் வைத்துக்கொள்வோம், பூ அவர்களோடு போகட்டும்.

கேட்ட மாமா முன்வரிசையிலேயே இருக்கிறார். மாமா, அடுத்த விசேஷத்தில் உங்கள் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவர் பேசுவதும் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சொற்பொழிவு.