மாத்திரை கொடுத்தோம், நடக்கச் சொல்லித் தரவில்லை!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

மேடையைப் பார்த்ததும் அரசியல் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இன்று என் வாப்பாவைப் பற்றிப் பேசப்போகிறேன். கேட்டு முடித்ததும் உங்கள் வாப்பாவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதற்காகத்தான்.

என் வாப்பா அத்தர் வியாபாரி. மூடியைத் திறந்த மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடிய மூக்கு அவருக்கு. ஒருநாள் ஜன்னத்துல் பிர்தவ்ஸ் கேட்டவருக்கு மஜ்முவாவை ஊற்றிக் கொடுத்துவிட்டார். சளி என்று விட்டுவிட்டோம். பிறகு பில் புத்தகத்தில் கையெழுத்து சிறுத்தது. வரியின் தொடக்கத்தில் எழுத்தாக இருப்பது முடிவில் எறும்பாகிவிடும். நடக்கும்போது இடது கை வீசாமல் தொங்கியது. “வயசாயிருச்சு” என்றோம். கை நடுங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனோம்.

பார்க்கின்சன் நோய் என்றார்கள். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்து எழுதிய நோய். மூளையில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போவதால் உடல் மெதுவாகிறது, விறைக்கிறது, நடுங்குகிறது. முகர்வு குறைவது நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரலாம். எங்களுக்கு அது தெரியாது.

மருத்துவர் நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார். மாத்திரையும் சரியாகவே எழுதினார். மூன்று ஆண்டுகள் அந்த மருத்துவமனைக்குப் போய்வந்தோம். பிசியோதெரபி என்ற வார்த்தையை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அது எலும்பு முறிந்தவனுக்கு, பக்கவாதம் வந்தவனுக்கு என்றுதானே நினைத்திருந்தோம்!

நான்காம் ஆண்டு, கடை வாசற்படியில் வாப்பாவின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. “வாங்க பாய்” என்று ஒரு வாடிக்கையாளர் அன்போடு கையைப் பிடித்து இழுத்தார். உடம்பு முன்னே போனது, கால் போகவில்லை. விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் நாங்களும் தினமும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தோம்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். “இதுக்கு முன்னாடி பயிற்சி கொடுத்தது யாரு?” என்று கேட்டார். யாருமில்லை என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா ஊன்றி நடக்கத் தொடங்கியதும், தரையில் ஓர் அடி இடைவெளியில் வண்ண டேப்புகளை ஒட்டினார். “ஒவ்வொரு கோட்டையும் தாண்டுங்க, வாய்விட்டு எண்ணுங்க” என்றார். வாசலில் உறைந்துபோகும் மனிதர் கோடுகளைத் தாண்டி நடந்தார்! உம்மா அழுதுவிட்டார்கள்.

இதில் மாயம் எதுவுமில்லை. நாம் யோசிக்காமல் நடக்கிறோம். யோசிக்காமல் நடக்க வைக்கும் மூளைப்பாதைதான் இந்த நோயில் பழுதாகிறது. கண்ணால் கோட்டைப் பார்த்து, காதால் எண்ணிக்கையைக் கேட்டு, கவனத்தோடு அடி வைத்தால் மூளை வேறு வழியில் வேலை செய்கிறது. கால் உறைந்தால் இழுக்கக் கூடாது. நிற்க வைத்து, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லி, ஒரே ஒரு பெரிய அடி வைக்கச் சொல்ல வேண்டும். சட்டென்று திரும்பாமல் வளைந்து திரும்ப வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது முன்னால் நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழ வேண்டும். ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் தொழுகையை நாற்காலிக்கு மாற்றிக்கொண்ட பெரியவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? அவர்களில் எவருக்காவது எழும் பயிற்சியை யாராவது சொல்லிக் கொடுத்தோமா?

இன்னொன்று. பொதுவாக மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பயிற்சி செய்வது நல்லது. பயிற்சி இருக்கிறது என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ரமலானிலும் மருத்துவரைக் கேட்காமல் வேளையை மாற்றாதீர்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து.

முகம்மது அலியை இளைஞர்களுக்குத் தெரியும். 1984இல், 42 வயதில் இந்த நோய் என்று தெரிந்தது. 1996இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையால் ஒலிம்பிக் சுடரை ஏற்றியதை உலகமே பார்த்தது. 2016இல் இறந்தார். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் அவர் பெயரில் உள்ள மையத்தில் மருத்துவத்தோடு உடற்பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. அவர் கோடீஸ்வரர், நமக்கு ஏது என்பீர்கள். சரி, நெதர்லாந்தைப் பாருங்கள். 2004இல் நைமேகன் நகரப் பகுதியில், பிசியோதெரபிஸ்டுகளுக்கு இந்த நோயில் தனிப்பயிற்சி கொடுத்து, நோயாளிகளை அவர்களிடம் அனுப்பும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பிறகு நாடு முழுவதும் பரப்பினார்கள். 2018இல் வெளிவந்த ஆய்வின்படி, அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சிக்கல்களும் குறைவு, செலவும் குறைவு. வணிகர்களே, இந்தக் கணக்கு உங்களுக்குத்தான் நன்றாகப் புரியும்! இடுப்பெலும்பு அறுவைக்கு நாங்கள் கட்டிய பில் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நமக்கு எதுவுமே இல்லையா? இருக்கிறது, கேட்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதம் என்று மருத்துவச் சான்று கிடைத்தால் அடையாள அட்டையோடு சலுகைகளையும் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? கூட்டத்துக்கு வராத, மருத்துவமனைக்கும் அழைத்துப் போகப்படாத நம் தாய்மார்களின் பெயர்களை முதலில் கொடுங்கள். பெண் பிசியோதெரபிஸ்டுகள் இன்று ஏராளம். நம் பிள்ளைகளிலேயே அந்தப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் உண்டு.

அரசு ஊழியர் மாதம் ஒருமுறை வந்தாலும் அது போதாது. பயிற்சி தினமும் வேண்டும். அதனால் என் கோரிக்கை சின்னது. வாரத்தில் ஒருநாள், மதரஸா கூடம் காலியாக இருக்கும் முற்பகல் நேரத்தில், ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைப்போம். அவருடைய சம்பளத்தைப் பத்துக் கடைகள் பகிர்ந்துகொள்ளலாம். பெரியவர்களை அழைத்துவந்து கொண்டுபோய்விட இளைஞர்களின் பைக் வேண்டாம், ஆட்டோ வேண்டும். மற்ற நாட்களில் வீட்டில் கூட நின்று எண்ணுவதற்கு ஒரு பேரன் போதும்.

வாப்பா இப்போது கடைக்கு வருவதில்லை. வீட்டிலிருந்து தெருமுனை வரை கைத்தடியோடு நடக்கிறார், எண்ணிக்கொண்டே. வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். போகும்போது உங்கள் தெருப் பெயரையும், வீட்டில் யாருக்கு இந்த நோய் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.