பட்டில் தைத்த பூ



1942 மார்ச்சில் நம் அந்தமானை ஜப்பான் படை பிடித்தது. 1945 வரை சென்னைக்கும் இங்கேயும் தபால் கிடையாது. 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு வரி வராதா என எத்தனை வீடுகள் ஏங்கின! போர்க்காலத்தில் அப்படி வீடு வந்து சேர்ந்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

அது அதற்கும் முந்திய போர். 1914 முதல் 1918 வரை நடந்தது. பிரான்சு நாட்டுப் பெண்கள் மெல்லிய பட்டுத்துணியில் பூவேலை செய்தார்கள். பூ, கொடி, 'அன்புள்ள அம்மாவுக்கு' என்ற எழுத்து. அதை அட்டையில் ஒட்டி விற்றார்கள். சிப்பாய்கள் வாங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். சில அட்டைகளில் சின்னப் பை இருக்கும். பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. அம்மாவுக்கு எழுத்து தெரியாவிட்டால் என்ன? பூ தெரியுமே!

நம் நாட்டுச் சிப்பாய்களும் ஒரு லட்சம் பேருக்கு மேல் பிரான்சுக்குப் போனார்கள். பலருக்கு எழுதத் தெரியாது. ஒருவரிடம் சொல்லி எழுத வைத்தார்கள். ராணுவ ரகசியம் வெளியே போகக்கூடாதே, அதனால் அதிகாரிகள் அதைப் பிரித்துப் படித்தார்கள். ஊரிலும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். மாடு, நிலம், கடன் பற்றியெல்லாம் இப்படிச் சொல்லிவிடலாம். மனைவிக்கு மட்டும் சொல்ல வேண்டியதை இத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வான்?