இயந்திரத்தின் காலக் கணக்கு

பழைய மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தைக் கழற்றித் துப்புரவு செய்து மீண்டும் பூட்டிய பின், எத்தனை முறை உதைத்தாலும் அது இயங்காது நிற்பதுண்டு. எண்ணெய் இருக்கும், தீப்பொறியும் வரும். அத்தகைய வேளையிற் காம் தண்டின் காலக் கணக்கைச் சோதித்துப் பார்த்தல் நன்று.

உறிஞ்சல், அமுக்கல், எரிதல், புகை கழித்தல் என்னும் நான்கு தொழில்களும் முடிவதற்குக் கிராங்க் தண்டு இருமுறை சுழல வேண்டும். அதற்குள் வால்வுகள் ஒவ்வொன்றும் ஒருமுறை திறந்தாற் போதும். ஆதலின் காம் தண்டு சுழலும் வேகம் பாதியே. அதன் பற்சக்கரத்திற் பற்கள் இரு மடங்கு. அச்சக்கரத்தில் 30 பற்கள் உள்ளன என்று கொள்வோம். சங்கிலி ஒரு பல் தவறினால் காம் தண்டில் 12 பாகை பிழைக்கும். கிராங்க் தண்டின் கணக்கில் அது 24 பாகையாகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போடக்கூடிய கணக்குத்தான். ஆயினும் அதன் விளைவு வண்டியைத் தள்ளிச் செல்பவனுக்கே தெரியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இக்கணக்கு வெறும் கராச்சு வித்தையாக இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்ட பின்னர் பெற்றோலும், உதிரிப்பாகங்களும், மின்கலங்களும் தடைசெய்யப்பட்டன. வானொலிச் செய்தி கேட்பதற்கே சைக்கிள் டைனமோவைச் சுழற்ற நேர்ந்த காலம் அது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும் ஒரு வண்டி வேண்டுமே! மக்கள் மண்ணெண்ணெயை நாடினர். தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழக்கம் அவர்களுக்குப் புதிதன்று. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கிய பின் மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டனர். வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு ஓடியது.

ஆனால் மண்ணெண்ணெய், அமுக்கத்தைத் தாங்கும் ஆற்றலிற் பெற்றோலுக்கு மிகக் குறைந்தது. தன் வேளைக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். அத்தட்டொலியை அடக்கத் தீப்பொறியைச் சிறிது பிந்தச் செய்தல் வேண்டும். அமுக்கத்தைக் குறைக்கச் சிலிண்டர்த் தலையின் கீழே தடித்த தகடு வைப்பதும் ஒரு வழியே. எனினும் மேற்புறத்திற் காம் தண்டு அமைந்த இயந்திரத்தில் இதிலொரு சூட்சுமம் உண்டு. தலை உயர்ந்தால் சங்கிலி செல்லும் தூரமும் கூடும். காம் தண்டு மயிரிழை பிந்தும். தேய்ந்து நீண்ட பழஞ் சங்கிலியும் அவ்வாறே பிந்தச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் வண்டி ஏற்றத்திற் சோர்ந்துவிடும். இதனைக் காதினாற் கேட்டே உணரவல்ல கைவினைஞர் எத்துணை மதிக்கத்தக்கவர்!

ஹொண்டா சி 90 போன்ற வண்டியிற் செய்முறை கடினமன்று. காந்தச் சில்லிலே ஆங்கில ‘ரி’ என்னும் எழுத்தின் கோட்டை, உடலிலுள்ள குறிக்கு நேரே நிறுத்துக. அப்போது பிஸ்டன் உச்சியில் நிற்கும். மேற்சக்கரத்தின் புள்ளி, தலையில் வெட்டப்பட்ட குறிக்கு நேரே வருமாறு சங்கிலியை மாட்டுக. அருகிலுள்ள ‘எஃப்’ என்பது தீப்பொறிக்குரியது. அவசரத்தில் அதனை ‘ரி’ என மயங்குதல் கூடாது. பூட்டியதும் உதைத்துப் பார்க்க விரையாது, கையினால் மெல்ல இருமுறை சுழற்றிக் குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா எனக் காண்க. எங்கேனும் இடறினால் அங்கேயே நிறுத்துக. வால்வு பிஸ்டனில் முட்டுகின்றதோ என்னவோ. வலிந்து திருப்பினால் வால்வு வளையும். தடைக்காலத்தில் வளைந்த வால்வுக்கு மாற்று வால்வு எளிதிற் கிடைக்குமா?

பின்னர் வால்வு இடைவெளி பார்க்கப்படும். இயந்திரம் குளிர்ந்திருக்கையில் அது 0.05 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு. பிஸ்டன் உச்சியில் நிற்பினும் அது அமுக்கத்தின் உச்சியா, புகை கழிக்கும் உச்சியா என்பதை அறிதல் வேண்டும். இரு வால்வின் நெம்புகளும் விரலுக்குச் சிறிது அசைந்தால் அமுக்கத்தின் உச்சி. இறுகியிருப்பின் இன்னுமொரு முழுச்சுற்றுச் சுழற்றுக.

2002இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தபோது, இவ்வண்டிகளை மறுபடியும் பழக்க வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் கலந்து நீர்த்த இயந்திர எண்ணெயை வடித்து, கரி படிந்த வால்வுகளைத் தேய்த்து, தடித்த தகடு இருந்தால் அதனை நீக்கி, பிந்த வைத்த தீப்பொறியை ‘எஃப்’ குறிக்குத் திருப்பிய பின்னரே அவை பழைய வலுவோடு ஓடின.