தறியிற் பிறந்த மோட்டார் வண்டி
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறு தொழில்கள் வளர்வது எவ்வாறு என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இப்பொருளை எடுத்துக்கொள்வோர் நாணயம், சிக்கனம், உழைப்பு என்னும் மூன்றையும் விரித்துரைத்து ஒரு மணி நேரத்தைப் போக்கிவிடுவது வழக்கம். அம்மூன்றும் வேண்டியனவே. ஆயினும் அவை மூன்றும் குறைவின்றி இருந்த கடைகளும் பட்டறைகளும் நம் கண்முன்னே கதவடைத்துப் போனதை இங்கு வீற்றிருக்கும் பெரியோர் அறிவர். ஆகவே நான் இன்று வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு தொழில் தான் இதுகாறும் செய்துவந்த பண்டத்தை விட்டு வேறொரு பண்டத்துக்குப் போகும்போது, எதை விட்டுச் செல்கிறது, எதைக் கூடவே கொண்டு செல்கிறது என்பதே அக்கேள்வி.

இதற்கு யப்பான் தேசத்துக் குடும்பம் ஒன்றின் வரலாற்றை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தூர தேசத்துக் கதை நமக்கெதற்கு என்று கேட்க வேண்டாம். அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ஹயஸ் வான்களிலேதான் நம்மிற் பலர் இவ்விழாவுக்கு வந்திறங்கினோம்.

1867ஆம் ஆண்டில், இன்று சிசுவோக்கா என வழங்கும் மாகாணத்தின் மேற்கோரத்தில், யமகுச்சி என்னும் சிற்றூரில் சக்கிச்சி தொயோதா என்பவர் பிறந்தார். தகப்பனார் கமக்காரர், தச்சுவேலையும் செய்வார். மகனும் அவ்வேலையைப் பழகினார். அவ்வூர்ப் பெண்கள் வீடுகளிலே தறியில் அமர்ந்து பருத்தித் துணி நெய்வார்கள். ஊடை நூலைக் கொண்டோடும் நாடாவை இரு கைகளாலும் மாறி மாறிச் செலுத்த வேண்டும். பொழுதெல்லாம் நெய்தாலும் தேறும் துணி சொற்பம். இதைப் பார்த்திருந்த அத்தச்சன் மகன் தறியைத் திருத்தும் வேலையில் இறங்கினார். தச்சு வேலையை விட்டு மரத்துண்டுகளோடு மல்லுக்கட்டும் பிள்ளையைப் பார்த்துத் தகப்பனார் மகிழ்ந்திருக்கமாட்டார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1890இல் தோக்கியோ நகரிலே கைத்தொழிற் கண்காட்சி ஒன்று நடந்தது. சக்கிச்சி அங்கே போய், நாள்தோறும் பொறிகளின் முன்னே நின்று பார்த்தார். அதே ஆண்டில் ஒரு கையாலேயே இயக்கக்கூடிய மரத்தறி ஒன்றைச் செய்து முடித்தார். 1891இல் அதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. பத்திரம் கிடைத்ததே தவிரப் பணம் கிடைக்கவில்லை. தோக்கியோவில் சில தறிகளோடு தொடங்கிய சிறு நெசவுச்சாலை ஓராண்டளவில் மூடப்பட்டது.

1896இல் அவர் இயந்திர விசையால் இயங்கும் தறியைச் செய்தார். அத்தறியிலே ஒரு சிறு ஏற்பாடு இருந்தது. அதனை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் பேச்சு முழுவதும் அதனைச் சுற்றியே வரும். ஊடை நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அவ்வேற்பாடு இல்லாத தறியானால், நூல் அறுந்ததை ஆள் கண்டு நிறுத்தும் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். பழுதான துணி முழக்கணக்கில் விழும். ஆகையால் அத்தகைய தறிக்கு ஒருவர் கண்ணிமையாது காவலிருக்க வேண்டும். பிழை நேர்ந்த கணத்திலே பொறி தானே நின்றுவிட்டால் காவல் வேண்டியதில்லை. 1924இல் அவரும் மகன் கியிச்சிரோவும் பிறரும் உழைத்து முற்றுவித்த தானியங்கித் தறியிலே பாவு நூல் அறுந்தாலும் பொறி நிற்கும். நாடாவில் நூல் தீர்ந்தால் ஓட்டம் தடைப்படாமலே புது நாடா வந்து சேரும். ஒருவரே முப்பது தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது.

இடையிலே அவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1907இல் பிறர் முதல் போட்டு அவர் பெயரால் தறிக் கொம்பனி ஒன்றை நிறுவினர். வியாபாரம் மந்தமானதும், 1910இல், அவரையே விலகச் செய்தனர். தம் பெயர் எழுதிய பலகையின் கீழிருந்து வெளியேறிய அவர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று ஆலைகளைப் பார்த்தார். திரும்பி வந்து நகோயா நகரில் 1911இல் தமக்கென ஒரு நெசவாலையை அமைத்தார். தறியைச் சோதிப்பதற்காக நெய்தார். நெய்தபோது, கடையில் வாங்கும் நூல் தரம் போதாமையால் தறியின் குணத்தைச் சரியாக அறிய முடியவில்லை. ஆகவே 1914இல் நூற்கவும் தொடங்கினார். கவனியுங்கள்: தறி செய்தவர் நெசவாளியானதும், நெசவாளி நூற்பு ஆலைக்காரரானதும் பேராசையால் அன்று. ஒரு வேலையைச் செம்மையாகச் செய்யப் புகுந்தபோது அவ்வேலையே அடுத்த வேலைக்கு வழிகாட்டியது. நம்மவரிற் சிலர் அடுத்த கடைக்காரன் கைத்தொலைபேசி விற்று இலாபம் கண்டான் என்று கேள்விப்பட்டுப் பலசரக்குக் கடையின் பாதியைக் கண்ணாடிப் பெட்டியாக்குகின்றனர். அது வேறு; இது வேறு.

1926இல் தறி செய்யும் ஆலை தனிக் கொம்பனியாயிற்று. 1929இல், நெசவுப் பொறிகளுக்குப் பேர்போன இங்கிலாந்தின் பிளாற் சகோதரர் கொம்பனி, அத்தானியங்கித் தறியின் உரிமையை ஒரு இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது. உலகுக்குப் பொறி செய்து கொடுத்த இலங்காஷயர், கிராமத்துத் தச்சன் மகனிடம் உரிமை வாங்க வந்தது! சாதாரண மனிதராயின் இதனோடு திருப்தியடைந்து, தறியையே தலைமுறைக்குச் சொத்தாக வைத்திருப்பர். சக்கிச்சி 1930 ஒக்டோபரிலே காலமானார்.

மகன் கியிச்சிரோ பொறியியல் கற்றவர். அவருடைய கண் மோட்டார் வண்டியின்மேல் விழுந்தது. 1933 செப்டெம்பரிலே தறி ஆலைக்குள்ளேயே ஒரு மூலையில் மோட்டார்ப் பகுதி ஒன்று தொடங்கிற்று. அமெரிக்கச் செவ்ரோலே வண்டி ஒன்றை வாங்கிவந்து, அக்கு அக்காகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் வரைந்து படித்தார்கள். தறிக்கு இரும்பு வார்த்துப் பழகியவர்களே இயந்திரத்தின் உருளைக் கட்டையை வார்க்க முயன்றனர். வார்த்தவை மீண்டும் மீண்டும் பழுதாயின. ஆலையின் தலைவராயிருந்தவர் கியிச்சிரோவின் தங்கையை மணந்த ரிசாபுரோ. அவருக்கு இம்முயற்சியிலே மிகுந்த தயக்கம் இருந்தது. அதனை நான் குறையாகச் சொல்லவில்லை. வருவாயுள்ள தொழிலின் பணப்பெட்டியைக் காப்பவர் தயங்கத்தான் வேண்டும். தயங்கியும் அவர் கதவை அடைக்கவில்லை என்பதே விசேடம். 1934 ஜனவரியிலே பங்குதாரர் கூடி, மோட்டார்த் தொழிலுக்கு முறைப்படி இணங்கி, மூலதனத்தையும் பெருக்கினர். அக்காலமெல்லாம் தறி விற்பனைதான் மோட்டார்ப் பகுதிக்குச் சோறு போட்டது.

1935இல் முதலாவது லொறி வெளிவந்தது. அது வழியிலே அடிக்கடி நின்றது. விற்றவர்கள் ஓடிச்சென்று பழுது பார்த்தார்கள். எது முறிந்ததென எழுதிவந்து ஆலையிலே திருத்தினார்கள். 1936இல் தொயோதா என்ற குடும்பப் பெயரையும் தொயோத்தா என மாற்றி வண்டிக்கு இட்டனர். யப்பானிய எழுத்திலே அப்பெயருக்கு எட்டுக் கோடுகள். எட்டு அவர்களுக்கு அதிட்ட எண். அதையே நாம் ரொயோட்டா என்கிறோம். (தகப்பனார் பெயரெழுதிய கடைப்பலகையில் ஓரெழுத்தை மாற்றச் சொன்னால் நம் வீடுகளிலே எத்தனை நாட்கள் சமையல் நடவாது என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.) 1937இல் மோட்டார்க் கொம்பனி தனியே பிரிந்தது.

இனி, தறியிலிருந்து வண்டிக்கு வந்தது யாது? இரும்பு வார்க்கும் அறிவு வந்தது, பணம் வந்தது. அவற்றிலும் பெரிதாக, நான் மனத்தில் வைக்கச் சொன்ன அச்சிறு ஏற்பாடு வந்தது. தாயிச்சி ஓனோ என்பவர் முதலில் அக்குடும்பத்தின் நூற்பாலையில் 1932 முதல் வேலை செய்தவர். 1943இல் மோட்டார் ஆலைக்கு மாறினார். பிழை கண்டால் பொறி தானே நிற்கும் முறையை அங்கே வளர்த்து, வரிசையில் நின்று வேலை செய்யும் தொழிலாளி ஒவ்வொருவரும் பிழை கண்டால் வேலை முழுவதையும் நிறுத்தலாம் என்னும் உரிமையாக்கினார். நிறுத்தியவரை மேற்பார்வையாளர் ஏசுவதில்லை, காரணத்தைத் தேடுவர். பிற்காலத்தில் உலகம் முழுவதும் அவ்வாலைகளைப் பார்த்துப் படிக்கப் போனது இவ்வழக்கத்துக்காகவும், வேண்டியதை வேண்டிய நேரத்தில் மட்டும் செய்யும் ஒழுங்குக்காகவுமே. பிழையான துணியைத் தொடர்ந்து நெய்யாதே என்று ஒரு மரத்தறிக்குக் கற்பித்த பாடம் கார் செய்யும் ஆலையை ஆண்டது.

இது நேர்வழியாய் நடந்த வெற்றிக் கதை என எண்ணிவிட வேண்டாம். போருக்குப் பின் 1949இல் யப்பானில் பணமுடை வந்தபோது கொம்பனி முறிவின் விளிம்புக்குப் போயிற்று. ஆட்குறைப்புச் செய்யமாட்டோம் என்றிருந்தவர்கள் 1950இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை அனுப்பவேண்டி வந்தது. பெரிய வேலைநிறுத்தமும் நடந்தது. கியிச்சிரோ பொறுப்பேற்றுத் தலைமைப் பதவியைத் துறந்தார். தறிக் கொம்பனியின் தலைவராயிருந்தவரே வந்து மோட்டார்க் கொம்பனியையும் ஏற்றார். அவ்வாண்டிலேயே கொரியப் போர் மூண்டு லொறிகளுக்குக் கட்டளைகள் குவிந்தன. அதனைத் தொழில் நுட்பமென்று நான் சொல்லேன். பிறர் துயரத்தால் வந்த வாய்ப்பு அது. திரும்பவும் தலைமையேற்க இணங்கிய கியிச்சிரோ, 1952 மார்ச்சிலே, பதவியேற்குமுன் இறந்துபோனார். வயது ஐம்பத்தேழு.

அதே மாகாணத்தில், அயலூரான கமமற்சுவில் 1909இல் மிச்சியோ சுசுக்கி தொடங்கிய தறிப் பட்டறையும் 1952இல் சைக்கிளுக்குப் பூட்டும் சிறு மோட்டார் செய்து பின்னர் மோட்டார்ச் சைக்கிள், கார் என வளர்ந்தது. நன்றாகச் செய்த தறி எளிதில் தேயாது. வாங்கியவர் மீண்டும் வாங்க வருவதற்கு வெகுகாலமாகும். நல்ல வேலைக்காரனுக்கே உரிய இடுக்கண் அது!

சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தகப்பனார் சிறிய அச்சுக்கூடம் ஒன்றை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்து அச்சிடும் காலம். கலியாணக் கடிதங்களும் கோயிற் கும்பாபிடேக மலர்களும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளும் எங்களிடம் வரும். 1998ஆம் ஆண்டளவில் கணினி எழுத்தும் ஓப்செற் அச்சும் ஊருக்கு வந்தபோது, ஈயத்தை நிறுத்து விற்றுவிட்டுக் கணினி வாங்குவோம் ஐயா என்றேன். அவர் பேசவில்லை. நானும் மூன்று முறைக்கு மேற் கேட்கவில்லை. நான்காண்டில் கூடத்தைப் பூட்டினோம்.

பூட்டியபின் நடந்தது இது. கணினியில் அடித்த அச்சுப்படிகளைத் தூக்கிக்கொண்டு ஊரார் எங்கள் விறாந்தைக்கு வரத் தொடங்கினர். தேவாரத்தில் சீர் பிரிந்தது சரியா, இறந்தவரின் உறவுமுறை வரிசை சரியா, திதி சரியா என்று அவரைப் பார்க்கச் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். அவர் காலமாகும் வரை இது நடந்தது. பிழையை அச்சேறவிடாத கண்தான் எங்கள் தொழில். ஈயம் அதன் சட்டை. இதை அவரும் அறியவில்லை, பட்டம் படித்த நானும் அறியவில்லை. அவரிடம் நான் போய், உங்கள் கண்ணை வைத்துக்கொண்டு வேறு பொறியிலே வேலை செய்வோம் என்று சொல்லியிருந்தால் இணங்கியிருப்பாரோ என்னவோ. ஈயத்தை விற்போம் என்றல்லவா சொன்னேன்! முப்பது வருடச் சீவியத்தை நிறுத்து விற்போம் என்று அவர் காதில் விழுந்திருக்கும்.

சக்கிச்சி இறந்து ஐந்தாம் ஆண்டு நினைவு நாளில், 1935இலே, அவர் வாழ்ந்து காட்டியவற்றை ஐந்து கட்டளைகளாக எழுதிக் கொம்பனியாருக்கு வழங்கினார்கள். காலத்துக்கு முந்தி ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தெய்வத்தைப் போற்றி நன்றியோடு வாழவேண்டும் என்பது கடைசியாக வருவது. சரஸ்வதி பூசையன்று கணக்குக் கொப்பியையும் கருவியையும் வைத்து வழிபடும் நமக்கு இவ்விரண்டும் ஒரே தாளில் இருப்பது வியப்பாகத் தோன்றாது.

இவ்வாண்டுப் பூசைக்குக் கருவிகளைத் துடைக்கும்போது, தகப்பனும் மகனுமாக ஒன்றாயிருந்து ஒரு காரியம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நம் கடைக்கு வருபவர் பண்டத்துக்காக மட்டும் வருகிறாரா, வேறு எதற்காக வருகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தகப்பன் வேறு எழுதட்டும், மகன் வேறு எழுதட்டும். பிறகு மாற்றிப் படியுங்கள். எழுதியதையும் கணக்குக் கொப்பியையும் கொண்டு வருவோரோடு இருந்து பார்க்க நான் ஆயத்தமாயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் வீட்டிலேயே இருப்பேன்.