பக்கவாத்தியம்: யார் பக்கம்?

(குஜிலியம்பாறையில் இரவுப்பள்ளி மாணவர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பக்கத்து ஊர்ப் பொண்ணு ஒருத்தி, மாதா கோயில் கீபோர்டில் தானாகவே பழகியவள், பியானோ படிக்கப் போறேன் என்கிறாள். அவளுக்கு ரெண்டு பக்கமும் அடி. "டி.என்.பி.எஸ்.சி. எழுதிப் பொழைக்கிற வழியப் பாரு" என்கிறது வீடு. "பறைதான் நம்ம கலை, வெள்ளைக்காரன் பெட்டி எதுக்கு?" என்கிறார்கள் நம் தோழர்களில் சிலர். இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அவள் படிக்க விரும்புவது பக்கவாத்தியம். மேலை நாடுகளில் அது தனிப் படிப்பு. 1822இல் தொடங்கிய லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில், பட்டம் முடித்தவர்கள் பியானோ பக்கவாத்தியத்தையே முதுகலையாகப் படிக்கலாம். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்? முன்பின் பார்க்காத இசைக்குறிப்பைக் கண்டவுடனே வாசிப்பது, பாடுபவர் குரலுக்கேற்பச் சுருதியை ஏற்றி இறக்குவது, அவர் மூச்சு வாங்கும் இடத்தை அறிந்து கூடவே மூச்சு விடுவது, பாட்டின் சொல்லைப் புரிந்துகொண்டு வாசிப்பது.

இது நமக்குத் தெரியாத வித்தையா? நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருக்கிறீர்கள். மேடை ஓரத்தில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருப்பார். ராஜபார்ட் ஒரு கட்டையில் பாடுவார், ஸ்திரீபார்ட் வேறொரு கட்டையில். கண் சிமிட்டும் நேரத்தில் விரலை மாற்றி ரெண்டு பேரையும் தாங்குவார், பின்பாட்டும் பாடுவார். லண்டனில் அதற்கு முதுகலைப் பட்டம். இங்கே பெட்டிக்காரன் என்ற பெயர். அந்த ஆர்மோனியத்தையே அகில இந்திய வானொலி 1940இல் தடை செய்து, 1971 வரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

ஜெரால்டு மூர் என்று ஒரு ஆங்கிலேயப் பியானோக் கலைஞர். வாழ்நாள் முழுக்கப் பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர். 1943இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், 'வெட்கப்படாத பக்கவாத்தியக்காரன்'. அவர்களுக்கும் அந்த வெட்கம் இருந்திருக்கிறது, எழுதித்தான் அதைத் துடைத்தார்கள்.

நம்மூரில் அந்த வெட்கத்தோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. மிருதங்கம் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் இல்லாமல் பேசாது. தோலை அறுத்து, பதப்படுத்தி, நாதம் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களில் மிகப் பலர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி அய்யரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துவை எத்தனை பேருக்குத் தெரியும்? டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதி 2020இல் வெளியிடப் போனபோது, கொடுத்த அரங்கைக் கலாக்ஷேத்ரா திரும்ப வாங்கிக்கொண்டது. கருவி மேடைக்கு ஏறலாம், செய்தவன் கதை ஏறக்கூடாது.

பியானோ நமக்கு அந்நியம் என்பவர்களுக்கு ஒரு சேதி. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் தம்பிகளோடு ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசைக்குறிப்பும் படித்தார். அதற்குப் பிறகுதான் 1976இல் 'அன்னக்கிளி'. 2025 மார்ச் 8இல் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. நம்ம ஆளு என்று சொந்தம் கொண்டாட நான் வரவில்லை. கிராமத்து மெட்டு அவரிடம் அழியவில்லை, எழுதத் தெரிந்ததால் அது இன்னும் தூரம் போனது என்பதைப் பாருங்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாம் பரட்டை என்று அறிந்தவர், எதிர்த்திசையில் வந்தார். கீர்த்தனையும் ஆர்கனும் ஆண்ட வழிபாட்டுக்குள் கிராமத்து இசையைக் கொண்டுவந்தார். ரெண்டும் நம் வழிதான்.

சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் உண்டு, அதையே மேடையில் ஏற்றிய ஊர்களும் உண்டு. ரெண்டிலும் கட்டாயத்தைத்தான் எதிர்த்தோம். அப்படியிருக்க, 'நீ பறைதான் அடிக்கணும்' என்று நாமே ஒரு பொண்ணுக்குக் கட்டாயம் போடலாமா?

வீட்டுக்குச் சொல்லவேண்டியது காசுக் கணக்கு. நான் வங்கிக் கிளார்க், தெரிந்ததைச் சொல்கிறேன். கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கிடையாது, பெற்றவர்கள் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருக்கணும். டிரினிட்டி கிரேடு தேர்வுக்குப் போனால் வாத்தியார் சம்பளம், தேர்வுக் கட்டணம் எல்லாம் கைக்காசு. காசுள்ள வீட்டுப் பிள்ளை ஏழு வயசில் தொடங்குவது இதனால்தான்.

ஆகவே அரசைக் கேட்போம். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்புகள்: குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம். இந்த ஏழில் பறையும் இல்லை, பியானோவும் இல்லை. சில இடங்களில் பறை பகுதிநேரப் பயிற்சியாக வந்திருக்கிறது. பகுதிநேரம் போதாது. ரெண்டையும் முழுப் படிப்பாக வை, கற்றுத்தர நம் கலைஞர்களை ஆசிரியராகப் போடு என்று மனு எழுதுவோம். இரவுப்பள்ளி மாணவர்கள் நாளைக்கே எழுதுங்கள். முதல் கையெழுத்து அந்தப் பொண்ணோட அப்பா போடட்டும், ரெண்டாவது நான் போடுறேன்.

ஜெய்பீம்.